ஜலஜாவின் எலிகளும் ஷீபாவின் பலூனும்

ஜலஜா பக்கவாத ஆராய்ச்சிக்குப் போனது யாரையும் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையில் அல்ல. வடகரைக் கடைத்தெருவில் ஜாக்கெட் தைக்கும் கோவிந்தனின் மகள் அவள். விலங்கியல் படித்து முடித்த சமயம், திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் உதவித்தொகையோடு இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ரயில் ஏறினாள். அங்கே அவளுக்கு வாய்த்த பேராசிரியர், மூளையில் ரத்தம் அடைபட்ட எலிகளை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் கல்லீரல்காரராக இருந்திருந்தால் அவளும் கல்லீரலுக்குப் போயிருப்பாள். பிற்காலத்தில் யாராவது கேட்டு அவள் இதைச் சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடும். "வீட்டுல யாருக்காவது வந்திருக்கும், அதனாலதானே மேடம்?" என்று எடுத்துக்கொடுத்துப் பார்ப்பார்கள். அப்போது யாருக்கும் வந்திருக்கவில்லை.

எலிகளோடு பழகப் பழக அவளுக்கு அவற்றின் மேல் பித்துப் பிடித்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியின் இடுக்கு வழியாக எலி கையை நீட்டி ஒரு சர்க்கரை உருண்டையை எடுக்க வேண்டும். மூளையில் அடிபட்ட எலியின் கை துழாவும், தவறும், உருண்டை கீழே விழும். சில வாரங்களில் அதே எலி மெல்ல மெல்ல மறுபடி எடுக்கப் பழகிவிடும். சில எலிகள் மட்டும் பழகுவதில்லை. ஏன் என்பதுதான் ஜலஜாவின் கேள்வி. அடிபட்ட மூளை கொஞ்ச காலத்துக்குத்தான் கதவைத் திறந்து வைக்கிறது, அதற்குள் கையைப் பழக்கிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. யார் எலியைத் தூக்கினார்கள், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதெல்லாம் கணக்கைக் கெடுக்கும் என்று, தினமும் ஆளை மாற்றிவிடுவாள். அந்தக் கண்டிப்புக்காகவே அவள் பேர் பெற்றாள்.

அவள் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தவள் ஷீபா இட்டி. கோழஞ்சேரிக்காரி, டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தவள். இருவருக்கும் விடுதியில் ஒரே அறை. ஷீபா குளித்துவிட்டு வந்தால் குளியலறை வெள்ளக்காடு. புத்தகத்தை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் ஊரெல்லாம் தேடுவாள். ஆனால் அவள் ஒரு அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடும். ஜலஜா நுழைந்தால் எல்லோரும் நேராக உட்காருவார்கள்.

கேன்டீனில் பருப்பு வடையைப் பிய்த்துக்கொண்டே ஜலஜா ஒருநாள் அந்தக் கதவு விஷயத்தை ஷீபாவிடம் சொன்னாள். "எடி, இதை மனுஷங்ககிட்ட பாத்தா என்ன?" என்றாள் ஷீபா. அந்த வருடம் ஜெர்மனிக்குப் போக ஒரு இடம் வந்தது. இருவரும் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஷீபாவுக்கு. போனவள் சில வருடங்களில் கட்டுரை வெளியிட்டாள், மனிதர்களிடம் பார்த்து. உலகமே படித்தது. ஜலஜாவும் படித்தாள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: தேநீர் வேளை உரையாடல்களுக்காக ஜலஜாவுக்கு நன்றி.

"தேநீர் வேளையாம்! வடைக்குக் காசு கொடுத்ததும் நான்தான்" என்று அன்று வீட்டில் தட்டுகளை ஓங்கி ஓங்கி வைத்தாள்.

அப்போது அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. கணவர் உதயபானு, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். எல்லோருக்கும் அவர் பானு மாஷ், அதாவது பானு வாத்தியார். வடகரையில் வாலிபால் ஆடிப் பேர் வாங்கியவர். பந்தை மேலே தூக்கிக் கொடுப்பவர். அடிப்பவனுக்குத்தான் கைதட்டல் என்றாலும் அடிக்கும்படி கொடுப்பது அவர் விரல்கள். அவளுக்காக ஊரை விட்டுத் திருவனந்தபுரத்துக்கு மாறி வந்தவர். சமையலும் அவர்தான் பெரும்பாலும். "என்ன, உன் பிள்ளைங்க இன்னிக்குச் சர்க்கரை சாப்பிட்டாங்களா?" என்று எலிகளை விசாரித்துக்கொண்டே புட்டுக்குழலை அடுப்பில் ஏற்றுவார்.

ஷீபா திரும்பி வந்தாள். அதே நிலையத்திலேயே நோயாளிகளுக்கான பயிற்சிக்கூடத்துக்குத் தலைவியானாள். ஜலஜா எலிகளோடு மாடியில். ஷீபா மனிதர்களோடு கீழே. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தால் படியேறுவதில்லை. எலியிடம் மைக்கை நீட்ட முடியாதே. ஷீபா கூடத்தில் யாராவது கை தூக்கினால் அந்தச் சிரிப்பு படிக்கட்டு வழியாக மேலே வரும். ஜலஜா எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள். வருடக்கணக்காகச் சாத்திக்கொண்டிருந்தாள்.

இப்படியிருக்கும்போதுதான் பானு மாஷுக்கு வந்தது. விடியற்காலை மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது விசில் வாயிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. தலைசுற்றல் என்று சைகை காட்டி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பேச முடியவில்லை என்பதை யாருக்கும் சொல்லவும் முடியவில்லை. பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறிய பிறகுதான் ஒருவருக்கு வாய் கோணியிருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் நேரம் தாண்டியிருந்தது. மூளையின் இடப்பக்கம். வலது கை மூடிய மொட்டுபோல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பேச்சு போயிற்று. நாம் பேசுவது முழுக்கப் புரியும். பதில் மட்டும் வராது.

ஜலஜா அழவில்லை. கதவு திறந்திருக்கும் காலம் இது, ஒரு நாளும் வீணாகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக் கூடத்தையே பயிற்சிக்கூடமாக்கினாள். நல்ல கையான இடது கைக்குக் கனத்த கையுறையை மாட்டிக் கட்டினாள், வலது கை வேலை செய்தே தீர வேண்டும் என்று. மேஜையில் முந்திரிக்கொட்டைகள், ஒரு கிண்ணம், அவள் கையில் ஸ்டாப் வாட்ச்.

"எடுங்க, பானுவேட்டா. இன்னொரு தடவை. தோளைத் தூக்காதீங்க, விரல்ல எடுங்க. இன்னொரு தடவை."

அவர் எடுப்பார், விழும். அவள் குனிந்து பொறுக்கி மறுபடி வைப்பாள். ஒரு வாரம் முயன்றார். இரண்டாவது வாரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருநாள் இடது கையுறையாலேயே கிண்ணத்தைத் தட்டிவிட்டார். முந்திரிக்கொட்டைகள் கூடமெங்கும் ஓடின.

வீட்டு வேலைக்கு வரும் நபீசா இத்தா விளக்குமாற்றோடு வந்து நின்றாள். "மோளே, அந்த ஷீபா டாக்டர்கிட்ட கொண்டுபோயேன். என் நாத்தனார் புருஷன் அங்க போய்த்தான் இப்ப மீன் வாங்கவே தனியாப் போறான்."

"எனக்குத் தெரியாததா அவளுக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியும் மோளே. யாரு இல்லேன்னா? ஆனா மாஷுக்கு உன்னைத் தெரியுமே!"

அந்தப் பேச்சு ஜலஜாவுக்குப் பிடிபடவில்லை. ஆனால் நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அவரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனாள்.

ஷீபா அவளைக் கட்டிக்கொண்டாள். "ஏன்டி முதல் நாளே கொண்டுவரலை?" என்றாள். பிறகு பானுவிடம் திரும்பி, "மாஷே, எனக்கு ஒரு பந்துகூட நேரா அடிக்க வராது. உங்களை நம்பித்தான் ஆரம்பிக்கிறேன்" என்று ஒரு சிவப்பு பலூனை ஊதினாள்.

மூன்றாம் நாள் கண்ணாடிக் கதவு வழியாக ஜலஜா பார்த்தாள். இருவருக்கும் நடுவே தாழ்வாக ஒரு கயிறு. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பானு இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு பலூனைத் தட்டினார். ஷீபா தாவினாள், புடவைத் தலைப்பு காலில் சிக்கி நாற்காலியில் விழுந்தாள். கூடமே சிரித்தது. பானு சிரித்தார், கோணல் வாயோடு, தோள் குலுங்க. நோய் வந்த பிறகு அவர் சிரித்து ஜலஜா பார்த்ததே இல்லை. அடுத்த பலூன் இறங்கி வந்தபோது மூடியிருந்த அந்த விரல்கள் விரிந்தன. கொஞ்சம்தான். ஆனால் விரிந்தன.

சந்தோஷம் வரும் என்று ஜலஜா காத்திருந்தாள். வந்தது அது இல்லை. என் எலி, என் கேள்வி, என் கதவு, என் புருஷன், எல்லாவற்றையும் இவளே திறக்கிறாளே என்றுதான் வந்தது. உள்ளே போகாமல் மாடிக்குப் போய் எலிகளின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு வந்த நாட்களில் எதைப் பார்த்தாலும் எரிந்தது. நபீசா இத்தா வேறு எண்ணெய் ஊற்றினாள். "கவனிச்சியா? அங்க போற நாள்ல மட்டும் மாஷ் சீப்பைக் கேட்டு வாங்குறாரு. நீலச் சட்டைதான் வேணுமாம், விரலால காட்டுறாரு" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். ஜலஜா நீலச் சட்டையைத் துவைக்கப் போட்டாள். காய்ந்ததை எடுக்க மறந்தாள். மறந்ததாகத்தான் சொன்னாள்.

ஒரு பிற்பகல் தொலைபேசி அடித்தது. ஷீபாவுக்கு மூச்சு வாங்கியது. "ஜலஜே! மாஷ் பேசிட்டார்டி! நான் அடிச்ச பலூன் எல்லையைத் தாண்டிப் போச்சு, நான் எனக்குத்தான் பாயிண்ட்னு சண்டை போட்டேன். 'அவுட்'னு கத்தினார் பாரு! தெளிவா! ரெண்டு தடவை!"

"அப்படியா? நல்லது" என்றாள் ஜலஜா. தொலைபேசியை வைத்த பிறகு சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றாள். அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தாள்! தன் பெயராக இருக்கும் என்றுகூட நினைத்திருந்தாள். வந்தது 'அவுட்'. அதுவும் ஷீபாவிடம்.

அன்று மாலை அவரிடம் சொன்னாள். "இனி அங்க வேண்டாம். போறதும் வர்றதும் உங்களுக்கு அலைச்சல். அங்க என்ன செய்றாங்களோ அதை நானே செய்றேன்."

பானு நீலச் சட்டையின் பொத்தானை இடது கையால் கழற்ற ஆரம்பித்தார்.

அவளும் பலூன் வாங்கினாள். கயிறு கட்டினாள். ஆனால் அவர் தட்டிய பலூன் எங்கே போயிற்று என்று அவள் பார்க்கவில்லை. தோள் எவ்வளவு உயர்ந்தது, முழங்கை எவ்வளவு மடங்கியது என்று பார்த்தாள். அவருக்கு அது தெரிந்தது. இரண்டு வாரத்தில் கை பழையபடி நெஞ்சோடு போய் ஒட்டிக்கொண்டது. 'அவுட்'டும் மறைந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்திலிருந்து நேராக ஷீபா வந்து வாசலில் நின்றாள். சிரிப்பில்லாத ஷீபாவை ஜலஜா அன்றுதான் பார்த்தாள்.

"ஏன் அனுப்பலை?"

"வீட்டிலேயே பாத்துக்கறேன்."

"பாத்துக்கறியா? அவர் கையைப் பாரு. எடி, உனக்கு என் மேல கோபம்னா என்கிட்ட காட்டு. அவர் கைமேல ஏன் காட்டுற?"

"கோபம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் என்ன?"

எத்தனையோ வருடமாக மூடி வைத்த பானையின் மூடி அந்த இடத்தில் எகிறியது. "பொறாமை! போதுமா? நான் சொன்னதை எடுத்துக்கிட்டுப் போய் நீ பெரிய ஆள் ஆனே. தேநீர் வேளைன்னு ஒரு வரி போட்டே. நான் மாடியில எலிப்புழுக்கை அள்ளிட்டு இருந்தேன், உனக்கு டிவிக்காரன் வந்தான். இப்ப என் வீட்டுக்காரரும் உன்னைக் கண்டாத்தான் விரலை விரிக்கிறார். நான் என்னதான் செய்யணும்?"

ஷீபா வாயைப் பிளந்து நின்றாள். "என் மேலயா? பொறாமையா? எதுக்குடி?" என்றாள்.

அந்த 'எதுக்கு' பொய்யில்லை. அதுதான் ஜலஜாவைக் குத்திக் கிழித்தது. அத்தனை வருடம் கதவைச் சாத்தியிருக்கிறாள். கீழே இருந்தவளுக்கு மாடியில் ஒரு கதவு இருப்பதே தெரிந்திருக்கவில்லை. இவள் தன்னைப் போட்டியாகக்கூட நினைத்ததில்லை.

"அந்த வரி போடும்போது, உனக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான் நினைச்சேன்" என்றாள் ஷீபா மெதுவாக. "உன் பேரைக் கட்டுரையிலயே போட்டிருக்கணும். தப்புதான். அப்ப அந்த யோசனை எனக்கு வரலை. ஆனா அதுக்கும் இவர் கைக்கும் என்ன சம்பந்தம்?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பானு எழுந்து சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, எங்கோ ஆழத்தில் கிடக்கும் சொல்லைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் வாய் அசைந்தது.

"நீ..." என்றார் ஜலஜாவைப் பார்த்து. "பாக்கற."

"எலி" என்று தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். பிறகு ஷீபாவைக் காட்டினார். "அவ... தோப்பா." இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. வரவில்லை. இடது கையால் தன் முகத்தை மூடிக் காட்டினார், வெட்கப்படுகிறவர்போல. "நீ... பாத்தா."

ஜலஜா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று, ஒரு மனைவியாகவும் ஓர் ஆராய்ச்சிக்காரியாகவும். ஷீபாவிடம் தோற்றால் அது விளையாட்டு. ஷீபாவும் தோற்பாள், விழுவாள். மனைவி எதிரில் தோற்றால், அதுவும் இந்த விஷயத்தை உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவளான மனைவி எதிரில் தோற்றால், அது தோல்விதான். அவள் கண் அளவெடுக்கிறது. யார் பார்க்கிறார்கள் என்பது கணக்கைக் கெடுக்கும் என்று அத்தனை வருடம் துடைத்துத் துடைத்து எறிந்தாளே, அந்தக் கசடில்தான் விஷயம் இருந்திருக்கிறது.

"திங்கட்கிழமை அனுப்பறேன்" என்றாள் நிமிராமல்.

"நீயும் வா."

"நான் வந்தா அவர் மூடிக்குவார். நான் மாடியில இருக்கேன்."

சொன்னது சுலபம். திங்கட்கிழமை ஆட்டோ கிளம்பும்போது நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்ததும் அவளேதான், அது கேட் தாண்டியதும் உதட்டைக் கடித்ததும் அவளேதான். கீழேயிருந்து சிரிப்பு வரும்போதெல்லாம் பேனா நின்றுவிடும். பொறாமை என்று தெரிந்துவிட்டால் அது போய்விடும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள், அவளுக்குப் போகவில்லை. இன்னதென்று தெரிந்தபின் அது இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டது. ஆனால் மாடிக் கதவை மட்டும் அவள் பிறகு சாத்தவில்லை.

அந்தக் கோபத்தையே வேலையில் போட்டாள். பழைய எலிக் கணக்குகளை எடுத்து, எந்த எலியை எந்த நாளில் யார் பார்த்தார்கள் என்று பிரித்தாள். பழகாத எலிகள் என்று அவள் ஒதுக்கியவற்றில் பல, குறிப்பிட்ட ஆட்களின் முன்னால் மட்டும்தான் பழகாமல் இருந்தன. அவளே பார்த்த நாட்கள் எல்லாவற்றிலும் மோசம். அதைக் கண்டபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு ஷீபாவிடம் போனாள்.

"மனுஷங்ககிட்ட பாத்தா என்ன?" என்றாள், வேண்டுமென்றே.

ஷீபா, "உன் பேர் முதல்ல வரும். எழுதித் தரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். வடை வாங்கிக் கொடு, போதும்."

இருவரும் சேர்ந்து நடத்திய சோதனையில் நோயாளிகள் கணவனோ மனைவியோ பார்க்கும்போது ஒருமுறை, பார்க்காதபோது ஒருமுறை கையைப் பயன்படுத்தினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை. சிலர் மனைவி இருந்தால்தான் முயன்றார்கள். கடற்கரையிலிருந்து வந்த ஒரு மீனவர், மனைவி வெளியே போனதும் தூங்கியே போனார். ஆனால் திருத்திக்கொண்டே இருக்கும் ஆள் பக்கத்தில் இருந்தால் பலரின் கை சுருங்கியது. எந்த ஆளுக்கு எந்தக் கண் வேண்டும் என்பதை முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் முடிவு. சின்ன ஆராய்ச்சிதான். பெரிய இடத்தில் இன்னும் பலமுறை பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று ஜலஜாவே கட்டுரையின் கடைசியில் எழுதினாள். முதல் பெயர் அவளுடையது.

பானு மாஷுக்கு வலது கை முழுசாகத் திரும்பவில்லை. டம்ளர் பிடிப்பார், சட்டைப் பொத்தான் போடுவார். பந்தைத் தூக்கிக் கொடுக்க வரவில்லை. மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோடு தாண்டும் பந்துகளுக்குக் கத்துவார். பேச்சு வந்தது, நடுநடுவே சொற்கள் உதிர்ந்த பேச்சாக. மழைக்காலம் முடிந்த ஒரு மாலை அவரே ஜலஜாவை அழைத்து, மேஜையில் முந்திரிக்கொட்டைகளைப் பரப்பி, "நீயும்... இடது கை" என்றார். அவள் இடது கையால் எடுக்கப் போய்ப் பாதிக்கு மேல் சிந்தினாள். அவருக்கு அன்று பெரிய வெற்றி.

கட்டுரை வந்ததும் ஒரு நிருபர் வந்தார். நேராகப் படியேறி மாடிக்கே வந்தார். ஜலஜா புதுப் புடவை கட்டியிருந்தாள். பாதி நாள் உட்கார்ந்து எலி முதல் எல்லாவற்றையும் விளக்கினாள். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் படம் வந்தது: சிவப்பு பலூனை எட்டித் தட்டும் ஷீபா, எதிரில் நீலச் சட்டையில் பானு மாஷ். ஜலஜா படத்தில் இல்லை.

காலைத் தேநீரோடு பானு அதை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். அதுவும் ஒரு பயிற்சிதான். "டாக்டர்... ஷீபா... இட்டியுடன்... இணைந்து... பணியாற்றியவர்..." நிறுத்தினார். மறுபடி உற்றுப் பார்த்தார். "கிரிஜா!"

"என்னது?"

"கி...ரி...ஜா" என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். கோணல் வாயிலிருந்து தேநீர் வழிந்து நீலச் சட்டையில் கொட்டியது. சிரிப்பு நிற்கவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க! உங்க படம்தான் வந்திருக்கே! எல்லாம் அவளுக்கே போகட்டும்!" ஜலஜா பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தாள். கிரிஜாவேதான். காது மடல் வரை சூடேறியது. துண்டை எடுத்து அவர் மோவாயை அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே மறு கையால் தொலைபேசியை எடுத்தாள்.

"ஷீபா, பேப்பர் பாத்தியா?"

"பாத்தேன்டி. நீ பாக்கக் கூடாதுன்னு கர்த்தரை வேண்டிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் ஷீபா. "நாளைக்கே திருத்தம் போடச் சொல்றேன்."

"போடச் சொல்லு. பெரிய எழுத்துல போடச் சொல்லு" என்றாள் ஜலஜா. "அப்புறம், அந்தப் படத்துல நீ குண்டாத் தெரியிற."

அதைச் சொன்னதும் அவளுக்குக் கொஞ்சம் ஆறியது.